இருபத்து நாலு கூடுகள்

தலையைக் கோழி போல ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, "கூட்டைக் கழட்டறதுக்குக் கீழே கொக்கியா, பக்கத்துல பொத்தானா?" என்று கேட்கிறார் டெல்மர் கின்சர். எதிரே நிற்கிற நாற்பது வயது ஆள் திருதிருவென்று முழிக்கிறான். அவனுடைய மாமனார் விட்டுப்போன ஸ்பெயின் நாட்டுக் கைத்துப்பாக்கிக்கு இன்னொரு கூடு வேண்டும். கைபேசியில் படம் எடுத்து வந்திருக்கிறான். டெல்மர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"படத்துல எல்லாப் பொண்ணும் லட்சணமாத்தான் இருப்பா. வீட்டுல இருக்கிற கூட்டை ஒரு காகிதத்து மேல வெச்சு, சுத்திப் பென்சிலால வரைஞ்சு கொண்டா. இல்லே, துப்பாக்கியையே கொண்டா. வாசல்ல உக்காந்திருக்கிற அம்மா தோட்டா இல்லைன்னு சோதிச்சு, சுட முடியாதபடி நாடா கட்டி விடுவா, பயப்படாதே."

கைத்துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற தகரக் கூடு அது. உள்ளே ஸ்பிரிங், அதற்கு மேல் தோட்டாக்கள் வரிசையாக ஏறி உட்காரும். கடைக்காரர்கள் மேகசின் என்பார்கள். டெல்மர் வாயில் அது எப்போதும் கூடுதான். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, கவுண்டி சந்தைத் திடலில் கன்றுக்குட்டிகளுக்குப் பரிசு கொடுக்கிற கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை கூடும். கழிப்பறைக்குப் போகும் வழியில் கடைசி மேஜை அவருடையது. அதன் மேல் துப்பாக்கி ஒன்றுகூட இருக்காது. முப்பது காப்பி டப்பா இருக்கும். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு தேசம். போலந்து, செக், ஹங்கேரி, ஸ்பெயின். ராணுவமும் போலீசும் வேண்டாம் என்று கழித்துக்கட்டிய பழைய துப்பாக்கிகள் கப்பலேறி இந்தியானா வரைக்கும் வந்துவிட்டன. அவற்றின் கூடுகள் மட்டும் வழியெல்லாம் சிந்திப்போயின. அதைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் இவர் வேலை.

ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா என்று கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். வால்நட் மரத்தில் அவரே செதுக்கிய பொய்த் தோட்டாக்கள் எட்டு, சட்டைப் பையில் கிடக்கும். அவற்றை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு கூடு மயிரிழை பெரிதாக இருந்து, வந்தவன், "லேசா ராவிட்டா உள்ளே போயிருமில்ல?" என்று கேட்டுவிட்டால் போச்சு. அதை வாங்கி டப்பாவில் போட்டு மூடிவிடுவார்.

"ராவினாச் சரியாப் போயிரும்னு சொல்றவனுக்குப் பொண்ணு குடுக்காதே" என்பார், பக்கத்து மேஜைக்காரருக்குக் கேட்கிற மாதிரி.

எழுபத்து நாலு வயது. ஆள் உயரம், தோள் இப்போது கொஞ்சம் முன்னால் விழுந்துவிட்டது. பெட்ஃபர்டுக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் ஆலையில் முப்பத்தோரு வருஷம் கல் அறுத்தவர். அவர் அப்பாவும் அங்கேதான். அம்மா வழி டெக்கர்ட் வீடு. அந்த வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் கல்லில்தான் பிறந்து கல்லில்தான் போனார்கள். அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. அறுத்த ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதுவார்கள். எந்தக் கட்டடம், எந்தச் சுவர், எத்தனையாவது வரிசை என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கும். எண் மாறிப் போனால் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் சாரத்தின் மேல் நின்றுகொண்டு தலையைச் சொறிவான். முப்பத்தோரு வருஷத்தில் டெல்மர் கையால் ஒரு கல் எண் மாறிப் போனதில்லை. அதனால்தான் அந்த வாளி விஷயம் அவரை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது.

விஷயம் இதுதான். தொண்ணூற்று மூன்றில், சனிக்கிழமைகளில் வூர்ஹீஸ் கிழவரின் ஆணி, பெயிண்ட் கடையில் டெல்மர் கையாளாக இருந்தார். கிழவர் ஜெர்மனியிலிருந்து கழித்துவிட்ட மகரோவ் கைத்துப்பாக்கிகள் பன்னிரண்டு தருவித்தார். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு தேசம் இருந்து இல்லாமல் போனதே, அதனுடையவை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு கூடு. ஒன்று பிடிக்குள், ஒன்று தோலுறையில் தைத்திருந்த குட்டிப் பைக்குள். துப்பாக்கியின் எண்ணையே அதனதன் கூட்டிலும் அடித்திருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் விரற்கடை கனத்துக்கு கிரீஸ்.

டெல்மர் இருபத்து நாலு கூட்டையும் மொத்தமாக உருவி, ஒரே வாளி மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிவிட்டார். துடைத்து நிமிர்ந்து பார்த்தால், எது எதனுடையது என்று யார் சொல்வது? எண்ணைப் பார்த்து அடுக்கியிருக்கலாம். கடையில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கிழவர், "எல்லாம் ஒரே மிஷின்ல பெத்த பிள்ளைங்கதானே, எதை வேணும்னாலும் குடுடா" என்றார். எதைச் செருகினாலும் எதிலும் பொருந்தியது. கைக்கு வந்தபடி இரண்டிரண்டாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசித் துப்பாக்கியை டெல்மரே எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தியதை அவருடைய தங்கை ஆர்டித்தின் புருஷன் லேலண்ட் ஃபுல்ட்ஸ் வாங்கினான்.

ஏழெட்டு வருஷம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு சேகரிப்புக்காரன் சந்தையில் டெல்மரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ஒரு கூடு இதோடது. இன்னொண்ணு யாரோடதோ. எந்த மடையன் இப்படி மாத்திப் போட்டான்?" என்றான்.

டெல்மர் துப்பாக்கியை வாங்கி உறைக்குள் செருகிக்கொண்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை என்று அவர் மனைவி நடீன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். மறு சனிக்கிழமையிலிருந்து தேட ஆரம்பித்தார். கையில் நோட்டு கிடையாது. யார் எந்த வீடு, யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் மனசில்தான்.

"துப்பாக்கி எங்கே போச்சுன்னு தேடாதே. பொண்ணு எங்கே வாக்கப்பட்டாளோ அங்கே தேடு" என்பது அவர் சூத்திரம். ஸ்டான்கோம் பெரியவர் வாங்கியது மூத்த மருமகனுக்குப் போயிற்று. அவன் மனைவியையும் துப்பாக்கியையும் சேர்த்து விட்டுவிட்டு டெக்ஸஸுக்குப் போனான். அவள் இரண்டாவதாக ஜாஸ்பரில் ஒரு பன்றிப் பண்ணைக்காரனைக் கட்டினாள். டெல்மர் ஜாஸ்பர் போய், பன்றிக்குத் தீவனம் கொட்ட ஒத்தாசை செய்து, கூட்டை வாங்கிக்கொண்டு வந்தார். பணம் தரவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். உன்னுடையதை நீ வைத்துக்கொள், உன்னிடம் இருக்கிற மற்றவனுடையதைக் கொடு, அவனிடம் சேர்த்துவிடுகிறேன், அவ்வளவுதான். சாவு வீடுகளுக்கும் போவார். அடக்கம் முடிந்து சர்ச்சின் அடித்தளத்தில் பன்றித் தொடையும் பீன்ஸும் பரிமாறும்போது, விதவையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செத்துப்போனவர் எத்தனை நல்ல மனிதர் என்று ஆரம்பிப்பார். நடீனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

"டெல்மர், குழியில மண்ணு விழற வரைக்குமாவது வாயை மூடிக்கிட்டு இரு. அந்தப் பொம்பளை இன்னும் மூக்கைச் சிந்தி முடிக்கலை."

"நான் எங்கே கேட்டேன்? அவ புருஷனோட சாக்ஸ் இழுப்பறையைப் பாத்தாளான்னுதான் கேட்டேன்."

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடி, பன்னிரண்டில் பத்துத் துப்பாக்கிகளுக்குச் சொந்தக் கூடு இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் இரண்டே துப்பாக்கி. ஒன்று டெல்மருடையது, இன்னொன்று லேலண்டுடையது. டெல்மரின் உறையில் இருக்கிற இரண்டாவது கூட்டில் லேலண்டின் எண். அப்படியானால் டெல்மரின் கூடு லேலண்ட் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலித்ததில், கடைசியில் அது நாலு மைலில், தங்கை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கு அவருக்குப் புலப்பட்டது, ஆர்டித் கண்ணை மூடிய நாலாவது மாதம். மூன்று வருஷம் ஆகிறது. லேலண்டிடம் போய்க் கேட்டதற்கு அவன் மோவாயைத் தடவினான். "கூடா? உறையோட இருந்தது மச்சான். உன் தங்கச்சி எடுத்து எங்கியோ பத்திரமா வெச்சா. அவ பத்திரமா வெச்சதைக் கடவுள்கூடக் கண்டுபிடிக்க முடியாது. தேடித்தான் பாக்கணும்."

அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, சந்தைக்கு மறுநாள், சர்ச் முடிந்ததும் டெல்மர் லேலண்ட் வீட்டுக்குப் போகிறார். நடீன் மெழுகுத்தாளில் பெர்சிமன் பழப் புட்டிங் சுற்றிக் கொடுப்பாள். இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டு ஒரு இழுப்பறையைத் திறப்பார்கள். ஒன்றே ஒன்றுதான். லேலண்டுக்கு அதற்கு மேல் தாங்காது. "முதுகு வலிக்குது" என்று எழுந்துவிடுவான். முதல் வருஷம் கொட்டகையைப் பார்த்தார்கள். மீன் தூண்டில் பெட்டிகள், விதைப் பொட்டலங்கள், எலிப்பொறிகள். அப்புறம் சமையலறை. அப்புறம் தையல் மிஷின். கூடு வரவில்லை. ஆர்டித்தான் வந்துகொண்டிருந்தாள்: பாதி கிழித்த கூப்பன், யாருடைய கோட்டிலிருந்தோ விழுந்த பெரிய பச்சைப் பொத்தான், "லே.க்கு கால்சட்டை, மறக்காதே" என்று எழுதிய துண்டுச் சீட்டு. டெல்மர் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்த வருஷம், எந்தக் கல்யாணத்துக்குப் போட்டது என்று சொல்வார். லேலண்ட் கேட்டுக்கொண்டு, இதை வைக்கலாம், இதை சர்ச்சுக்குக் கொடுக்கலாம் என்று பிரிப்பான். சில சமயம் சண்டை வரும்.

"இந்தச் சட்டையில என் தங்கச்சியை நான் பாத்ததே இல்லை."

"நீ எதைத்தான் பாத்தே மச்சான்? இருபத்து நாலு கூட்டுல எண்ணையே பாக்காதவன்."

அந்த இடத்தில் டெல்மர் இழுப்பறையை இழுத்து மூடிவிடுவார். லேலண்டுக்கு அன்றைக்கு இன்னொரு துண்டு புட்டிங் இறங்கும்.

இந்த வசந்தத்தில்தான் டெல்மரின் கண் கெட்டது. வலது கண் முதலில், பிறகு இடதும். நடுவில் மட்டும் புகை. "எதிர்ல நிக்கறவனுக்குக் காது ரெண்டும் பளிச்சுன்னு தெரியுது. மூஞ்சி இருக்கிற இடத்துல சாம்பல் பூசினாப்ல இருக்கு" என்கிறார். அதனால்தான் அந்தக் கோழிப் பார்வை; ஓரக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மேஜையில் கூடு கொடுக்கும்போது எண்ணை நகத்தால்தான் படிக்கிறார். முப்பத்தோரு வருஷம் கல்லின் வரியைத் தடவிப் பழகிய கட்டை விரல். இரண்டா ஏழா என்று ஒரு தடவலில் சொல்லிவிடும். வாங்க வந்தவர்கள் வித்தை காட்டுகிறார் என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள்.

அக்டோபர் சந்தைக்கு முந்தின வாரம் ப்ளூமிங்டனில் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடச் சொன்னான். பனி விழுவதற்குள் ஓரக்கண்ணும் போய்விடலாம் என்றான். டெல்மர் சரி என்று தலையாட்டினார். வெளியே வந்து நடீனிடம், "ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் குடு" என்றார். நடக்கிற வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். அப்படியும் மனசு கேட்காமல் பின்னாலேயே இன்னொரு வண்டியில் தன் தங்கை மகனை அனுப்பினாள். அது டெல்மருக்குத் தெரியாது.

லேலண்ட் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றபோது அவன் வராந்தாவில்தான் இருந்தான். "என்ன மச்சான், நத்தை உன்னை முந்திக்கிட்டுப் போச்சு போலிருக்கே?"

டெல்மர் தடவித் தடவிப் படியேறினார். உள்ளே போய்ச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். புட்டிங்கை வைத்தார். அதன் பக்கத்தில் தன் உறையிலிருந்து லேலண்டின் கூட்டையும் எடுத்து வைத்தார்.

"மாப்ளே, இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டான் டாக்டர். கண்ணு இந்தப் பனியோட சரி. அந்த எண்ணை என் கண்ணால ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும், அப்புறம் இருட்டினா இருட்டட்டும். படுக்கையறையில எத்தனை இழுப்பறை மிச்சம்?"

"மூணு."

"மூணையும் இன்னிக்கே பாத்துருவோம். முதுகு வலின்னு சொன்னே, உதைப்பேன்."

லேலண்ட் எழுந்தான். காப்பிப் பாத்திரத்தைத் தூக்கினான், திரும்ப வைத்தான். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அவனுடைய டிரக்கின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவன் கையில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட கைக்குட்டை. அதை மேஜைமேல் பிரித்தான்.

டெல்மர் கையில் எடுத்தார். கோழி போலத் தலையைச் சாய்த்தார். வெளிச்சம் போதவில்லை, ஜன்னல் பக்கம் திருப்பினார். இலக்கங்கள் புகைக்குள் மிதந்து வந்து மிதந்து போயின. கட்டை விரல் நகத்தை வைத்தார். இரண்டு. எட்டு. சுழி. ஆறு.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார். பட்டு மாதிரி இறங்கி ஏறியது. விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ போட்ட எண்ணெய். தொலைந்துபோன கூட்டுக்கு யார் எண்ணெய் போடுவார்கள்?

"எத்தனை நாளா வண்டியில இருக்கு?"

லேலண்ட் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தொலையவே இல்லை மச்சான்."

"மூணு வருஷமா?"

"முதல் தடவை நீ கேட்டப்போ குடுக்கலாம்னுதான் போனேன். நீ பேச்சோட பேச்சா அவ தூண்டில் பெட்டியைத் திறந்தே. அவ செத்த அன்னியிலேருந்து அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒரு மூடியை நான் திறக்கலை. கைப்பிடியில கையை வெப்பேன், எடுத்துருவேன். நீ திறந்தா நின்னு பாக்க முடியுது." மூக்கை உறிஞ்சினான். "குடுத்துட்டா நீ எதுக்கு வரப்போறே?"

"எலிப்பொறியில விரலை விட்டு நசுக்கிக்கிட்டேனே, அன்னிக்காவது வாயைத் திறந்தியாடா பாவி?"

"அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீ கெட்ட வார்த்தையில திட்டிட்டு இருந்தே. நடுவுல எப்படிச் சொல்றது?"

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மேஜைமேல் இருந்த மற்றக் கூட்டை விரலால் தள்ளி லேலண்டின் பக்கம் நகர்த்தினார். இருபத்து நாலும் ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாளியில் கலங்கினது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறின காப்பிக்குப் பக்கத்தில் தெளிந்தது. கை தட்ட ஆள் இல்லை.

"அவ்வளவுதான்" என்றான் லேலண்ட். "இனிமே தேட ஒண்ணுமில்லை. சாவியைக் குடு, நானே உன்னை வீட்டுல விட்டுட்டு வர்றேன்."

டெல்மர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சாவி இருந்த பைக்குக் கை போகவில்லை. மேஜையைப் பிடித்து, கதவு நிலையைப் பிடித்து, தங்கையின் படுக்கையறைக்குள் நடந்தார். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியைக் கையால் துழாவி மேல் இழுப்பறையை முழுசாக உருவினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். கூடு இரண்டும் சமையலறையில் கிடந்தபடியே கிடந்தன. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான் லேலண்ட். டெல்மர் இழுப்பறைக்குள் கையை விட்டு, கம்பளியில் பின்னிய எதையோ வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவன் பக்கமாக நீட்டினார்.

"இது என்ன கலரு, மாப்ளே?"